பெருவெளியும் வராந்தாவும்

இலக்கிய நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசத் தொடங்குவது, கச்சேரி மேடையிலேறிப் பம்பரம் விடுவதற்கு ஒப்பானது என்பதை அறிவோம். ஐம்பதைக் கடந்த கணவனும் மனைவியும் சேர்ந்து அதைச் செய்வது இன்னும் விபரீதம். ஆயினும் எங்களுக்குள் ஒரு வழக்கு சில வருடங்களாகத் தீராமல் கிடக்கிறது. தீர்ப்பு கிடைக்காவிட்டாலும் சாட்சியங்களையேனும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

வழக்கு இதுதான். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட 'பிரெத் ஆஃப் த வைல்ட்', 'செல்டா' வரிசையைச் சேர்ந்த ஒரு சாகச விளையாட்டு. 'ஓப்பன் வேர்ல்ட்' என்று சொல்லப்படும் வகை. அதாவது, ஒரு நாடு முழுவதையும் நம் முன்னே விரித்துப் போட்டு, எத்திசையில் வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிடுவது. நாள்கணக்கில் நடந்தாலும் தீராத அந்த நிலப்பரப்பு வெறுமையானதா, நிறைவானதா?

ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்கிறோம்; நடுவே இடம் மாறிக்கொள்கிறோம். ஆகவே இதில் வரும் 'நாங்கள்' உண்மையான பன்மை. அபிப்பிராயம் பிரியும் இடங்களில் 'ஒடிந்தவர்', 'ஒடியாதவர்' என்று குறிப்பிடுவோம். காரணம் அடுத்த பத்தியில்.

*

2022ஆம் வருடத்து ஐப்பசி மழையில், எங்களில் ஒருவர் வீட்டு வாசற்படியிலேயே வழுக்கி விழுந்து தொடையெலும்பை ஒடித்துக்கொண்டார். உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் இறுக்கினார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. அதன்பின் வாக்கர் பிடித்து நடந்து பழக வேண்டும். முப்பது வருடங்கள் வகுப்பறையில் நின்றபடியே கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒருவருக்கு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடைப்பட்ட மூன்றடி தூரம் அயல்நாடாகிவிட்டது.

முதலிரண்டு வாரங்கள் வாசித்தே கழித்துவிடலாம் என்று திட்டமிட்டோம். வெகுநாள் வாசிக்காமல் வைத்திருந்த தடித்த நாவல்கள் தலைமாட்டில் அடுக்கப்பட்டன. வலிமாத்திரையின் மயக்கத்தில் வரிகள் கண்ணில் பட்டன, மனதில் ஏறவில்லை. ஒரே பக்கத்தை நான்கு நாட்கள் வாசித்த பிறகு புத்தகத்தை மூடினோம். அப்போதுதான் பெங்களூரிலிருந்து பார்க்க வந்த அண்ணன் மகன், பையிலிருந்து ஒரு நின்டெண்டோ ஸ்விட்சை எடுத்துத் தொலைக்காட்சியில் பொருத்தினான்.

"அத்தை, இதுல நீங்க எங்க வேணும்னாலும் நடக்கலாம்" என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். ஒடிந்தவர் சிரித்துவிட்டு, "குடுடா, பாக்கலாம்" என்று கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார்.

*

லிங்க் என்ற இளைஞன் நூறாண்டு உறக்கத்திலிருந்து ஒரு குகைக்குள் விழிக்கிறான். நினைவுகள் அழிந்துபோயிருக்கின்றன. வெளிச்சத்தை நோக்கி ஓடிவந்து மலைவிளிம்பில் நிற்கிறான். அங்கிருந்து ஹைரூல் என்னும் அந்த நாடு முழுவதும் தெரிகிறது: காடுகள், ஓர் எரிமலை, நடுவில் கரும்புகை சூழ்ந்த கோட்டை. அக்கோட்டைக்குள் செல்டா என்னும் இளவரசி, கேனன் என்னும் தீமையை நூறாண்டுகளாகத் தன்னந்தனியே தடுத்துவைத்திருக்கிறாள். அவளை மீட்க வேண்டும். கதை இவ்வளவே.

விசித்திரம் என்னவென்றால், தொடக்கப் பீடபூமியில் நான்கு சிறு கோயில்களின் புதிர்களை முடித்து, காற்றில் மிதந்து இறங்க உதவும் துணிவிதானத்தைப் பெற்றுக்கொண்டால் போதும், நேரே கோட்டைக்குப் போய்விடலாம். யாரும் தடுப்பதில்லை. கைதேர்ந்தவர்கள் முழு விளையாட்டையும் அரைமணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார்கள். அப்படியானால் மற்ற மலைகளும் பாலைவனமும் பனிச்சரிவுகளும் எதற்கு? கதைக்கு அவை தேவையில்லை. நாமாக விரும்பிப் போனால் மட்டுமே அவை உண்டு. எங்கள் வழக்கின் வேர் இங்கே இருப்பதாக இப்போது தோன்றுகிறது. தேவையற்ற ஒரு பெருவெளியில் நடப்பதற்கு என்ன பொருள்?

ஒடிந்தவர் ஐந்தாம் நாளே அதற்குள் போய்விட்டார். காலையில் கஞ்சி குடித்ததும் ஒரு மலையைத் தேர்ந்தெடுப்பார். அநேகமாக எந்தப் பாறையிலும் ஏறலாம். ஆனால் ஏறுகிறவனின் தெம்பு ஒரு பச்சை வட்டமாகத் திரையில் கரைந்துகொண்டே வரும். தீர்ந்தால் விழுவான். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பாறை வழுக்கும். நான்கு பிடி ஏறினால் இரண்டு பிடி சறுக்கும். மழை நிற்கும்வரை பாறையிடுக்கில் ஒதுங்கி நிற்பதைத் தவிர வழியில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் மழை, திரைக்குள்ளும் மழை, நடுவில் இருவர் சும்மா காத்திருந்தோம். அந்த மாலைகளை இப்போது நினைத்தாலும் சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

*

ஒடியாதவரின் வாதத்தை முதலில் சொல்லிவிடுவோம். வங்கிக் கிளையொன்றில் கணக்குகளைச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவர் அவர். வரவு என்ன, செலவு என்ன என்று கேட்பது அவர் சுபாவம்.

ஹைரூலில் சிறு கோயில்கள் மொத்தம் 120. உள்ளே போனால் ஒவ்வொன்றிலும் ஒரு புதிர் அல்லது ஒரு சண்டை. முதல் இருபது வரை வியப்பாக இருக்கும். பிறகு அதே கருங்கல் சுவர், அதே நீல வெளிச்சம், அதே இசை. எதிரிகளிலும் நான்கைந்து இனங்கள்தாம் நாடு முழுவதும் நிறம் மாறி வருகின்றன. கொன்றாலும், சில நாட்களுக்கொருமுறை எழும் செந்நிலவின் இரவில் எல்லாரும் பிழைத்து அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அரும்பாடுபட்டுப் பெறும் வாள் சில சண்டைகளில் உடைந்து தெறிக்கிறது. ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பனியில் நடுங்கி ஒரு சிகரத்தை அடைந்தோம். அங்கிருந்த பெட்டிக்குள் ஐந்து அம்புகள் கிடந்தன. "ஐந்து அம்பு! இதுக்கு மார்க்கெட்ல போய் வாங்கியிருக்கலாமே" என்றார் ஒடியாதவர்.

இன்னும் இருக்கிறது. கொரொக் எனப்படும் இலைமுகக் குட்டிப் பூதங்கள் நாடெங்கும் ஒளிந்திருக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டினால், வட்டமாக அடுக்கிய கற்களில் குறையும் ஒன்றை வைத்தால், வெளிப்பட்டு ஒரு விதையைத் தரும். ஆயுதப்பையைப் பெரிதாக்க அவ்விதைகள் உதவும். அதற்குத் தேவை 441 விதைகள். ஆனால் ஒளிந்திருப்பவை 900. அத்தனையையும் தேடிச் சேர்த்தவருக்குக் கடைசியில் கிடைக்கும் பரிசு, பொன்னிறத்தில் சாணி வடிவில் ஒரு பொருள். அதனால் ஒரு பயனும் இல்லை. நாற்றமடிக்கும் என்று குறிப்பு வேறு. அமைத்தவர்களே தங்கள் பெருவெளியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா என்பது ஒடியாதவரின் கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமானவை அனைத்தும் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. போரும் நட்பும் இளவரசியின் கண்ணீரும், 12 பழைய படங்களில் காணும் இடங்களைத் தேடிப்போய் நின்றால் நினைவுத் துணுக்குகளாக வரும். கல்யாணம் முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்ட வீட்டுக்குள், மொய்க்கவரோடு நுழைந்தவனைப் போல லிங்க் திரிகிறான். கிராமங்களோ சில. இடிபாடுகளே அதிகம்.

இவற்றில் ஒன்றைக்கூட ஒடிந்தவர் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறோம்.

*

அவருடைய வாதம் ஓர் இரவைப் பற்றியது. மலைச்சரிவொன்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது, தொலைவில் வேறொரு குன்றின் உச்சியில் பசுநீலமாக ஓர் ஒளித்தூண் எழுந்து நிற்பதைக் கண்டோம். வரைபடத்தில் குறியில்லை. யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. ஓர் ஆற்றைக் கடந்து, இருட்டில் வழி தவறி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பூத்த மரம், அருகே ஒரு குளம். குளக்கரையில் ஒளிரும் சிறு முயல்கள் சூழ, ஒளியாலேயே ஆன குதிரை போன்ற ஒரு பிராணி நின்றிருந்தது. முகம் மட்டும் ஆந்தையினுடையது.

ஓசைப்படாமல் நெருங்கினால் அதன்மேல் ஏற முடியும். வேகமாகப் பறக்கும். ஆனால் அதை வைத்துக்கொள்ள முடியாது. லாயத்துக்கு ஓட்டிப்போனால் பதிவு செய்ய மறுத்துவிடுகிறார்கள். இறங்கிச் சற்று நேரத்தில் மறைந்துவிடும். வரவேட்டில் எழுத ஒன்றுமில்லை. அன்றிரவு ஒடியாதவர் கணக்கு எதுவும் கேட்கவில்லை என்பதும் இங்கே பதிவாக வேண்டியது. "அது இன்னும் இருக்கா பாரு" என்று திரும்பிப் பார்க்கச் சொன்னவர் அவர்தான்.

அதையே பிடித்துக்கொண்டு ஒடிந்தவர் ஒரு சித்தாந்தம் கட்டினார். எங்கே 'இதோ, உனக்கொரு பரிசு' என்று தூவியிருக்கிறார்களோ அங்கே இந்த உலகம் வெறுமையாக இருக்கிறது. எங்கே ஒன்றும் வாக்களிக்காமல் விட்டிருக்கிறார்களோ அங்கே நிறைந்திருக்கிறது. 900 விதைகளும் வெறுமைக்கு அஞ்சி இட்டு நிரப்பியவை. அந்தக் குன்றின் ஒளியைக் கண்டு போனது நம் விருப்பம். பார்க்க வேண்டும் என்று தோன்றிய கணத்திலேயே கூலி கைக்கு வந்துவிட்டது.

*

இவ்வகை விளையாட்டுகளின் சரித்திரத்தை அண்ணன் மகன் தொலைபேசியில் அவ்வப்போது சொல்லுவான். 1996இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'டேகர்ஃபால்' என்ற விளையாட்டில் ஊர்களும் நிலவறைகளுமாக 15,000 இடங்களுக்கு மேல் உண்டாம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சூத்திரங்களின்படி கணினியே அடுக்கியவை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பேதம் சொல்வது கடினம். அதே நிறுவனம் 2002இல் 'மோரோவிண்ட்' செய்தபோது, நிலத்தை ஒரு தீவாகச் சுருக்கி, இடங்களைக் கையாலேயே வடித்தது.

2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தது. அதிலுள்ள கோள்களின் எண்ணிக்கை 2இன் 64ஆம் அடுக்கு. எழுதினால் 20 இலக்கங்கள். கணக்கு ஆசிரியைக்குக் குதூகலம் தாங்கவில்லை. சதுரங்கப் பலகையின் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி கேட்ட கதையில் வரும் மொத்தம், இதைவிட ஒன்று குறைவு, அவ்வளவே! ராஜாவால் கொடுக்க முடியாத நெல்லைப் போலவே, யாராலும் பார்த்து முடிக்க முடியாத கோள்கள். வாங்கியவர்களில் பலர் சில கோள்களிலேயே சலித்து, ஏமாந்துவிட்டோம் என்று கொதித்தார்கள். அதைச் செய்த சிறு குழு ஓடி ஒளியாமல், அவ்வருட நவம்பரிலிருந்து வருடக்கணக்காக இலவசமாகவே அதைச் செப்பனிட்டு வந்தது வேறு கதை.

மறுமுனையில் ஃபுமிட்டோ உவெடாவின் 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. 2005இல் வந்தது. 2018இல் புதுப்பித்து வெளியான வடிவத்தைப் பிற்பாடு அண்ணன் வீட்டில் பார்த்தோம். பரந்த நிலம், ஒரு குதிரை, கொல்லப்பட வேண்டிய 16 மாபெரும் உருவங்கள். வேறு ஊரில்லை, மனிதரில்லை, கடையில்லை. போரற்ற வேளைகளில் இசைகூட இல்லை, குளம்பொலியும் காற்றும்தான். அதை விளையாடியவர்கள், 17ஆவது உருவம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நம்பி, வருடக்கணக்கில் மூலைமுடுக்கெல்லாம் தேடினார்களாம். அப்படி ஒன்று இல்லை. அந்தத் தேடலை வீண் என்பதா? இதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அது வீண் என்றால், ஒரு கதையின் கடைசி வரிக்குப் பின் அக்கதாபாத்திரம் என்ன ஆகியிருப்பாள் என்று நாம் படுக்கையில் யோசித்த இரவுகளும் வீண்தான்.

*

'செல்டா'வின் பூர்வீகம் ஒரு சிறுவனின் அலைச்சல். 1986இல் முதல் விளையாட்டைப் படைத்த ஷிகெரு மியமொட்டோ, கியோட்டோவுக்கு அருகே சோனொபே என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அங்கிருந்த குன்றுகளிலும் காடுகளிலும் சுற்றியதும், ஒரு குகைக்குள் விளக்கோடு நுழைந்ததுமே அதற்கு வித்து என்று சொல்லியிருக்கிறார். 'பிரெத் ஆஃப் த வைல்ட்'டின் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் கியோட்டோக்காரர். விளையாட்டின் நிலத்தை அளவிட, தமக்குப் பழக்கமான கியோட்டோவின் வரைபடத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்திருக்கிறார். இங்கிருந்து அங்கே நடக்க எவ்வளவு நேரமாகும் என்பது கால்களுக்குத் தெரிந்த ஊர் அல்லவா?

2017இல் ஜப்பானில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டில், அந்நிலத்தை அமைத்தவர்கள் தங்கள் முறையை விளக்கினார்கள். எல்லாம் முக்கோணங்கள். பெரிய முக்கோணம் மலை, தொலைவிலிருந்து அழைப்பது. நடுத்தர முக்கோணம் குன்று. பின்னால் இருப்பதை மறைப்பது. சிறு முக்கோணம் பாறை. நடையின் தாளத்தை மாற்றுவது. குன்றின் முன் வருபவர் ஏறுவதா, சுற்றிப்போவதா என்று தீர்மானித்தாக வேண்டும். சுற்றினால், மறைந்திருந்தது கொஞ்சங்கொஞ்சமாகப் புலப்படும். சமவெளியில் எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டினால் எவரும் நடக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கண்டுகொண்டது.

இச்செய்தியை வாசித்துக் காட்டியவர் ஒடியாதவர். அது அவருக்கு வேறொரு காரியத்துக்கு உதவப் போகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

*

இனிச் சொல்லப்போவது சுகமான விஷயமல்ல. மார்கழி நடுவில் வாக்கர் வந்தது. கட்டிலிலிருந்து வராந்தாவின் கம்பித்தடுப்பு வரை 22 அடி; ஒரு நாளைக்கு நான்கு முறை. பிசியோதெரபி செய்விக்க வந்த பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: நடக்காமலிருந்தால் தசை வற்றும், மூட்டு இறுகும், பிறகு பிடிமானமின்றி நடப்பது கஷ்டம். அவள் இருக்கும்போது ஒடிந்தவர் எட்டடி நடப்பார். போனதும் கட்டில், கையில் கன்ட்ரோலர். ஹைரூலில் ஒரு பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தார். தை பிறந்தும் இப்படியே போயிற்று.

ஒருநாள் மாலை ஒடியாதவர் பொறுமையிழந்தார்.

"அங்க மலை மலையா ஏறுற. இங்க வராந்தா வரைக்கும் வர முடியலையா?"

பதிலில்லை. தொலைக்காட்சி அணைந்தது. நான்கு நாட்கள் அது அணைந்தே கிடந்தது. அவசியத்துக்கு மேல் நாங்களும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் ஒடிந்தவர் சொன்னார்: "அங்க விழுந்தா பக்கத்துலயே மறுபடி எந்திரிச்சு நிக்கிறான். எனக்கு விழுந்துடுவேனோன்னு பயமா இருக்குங்க."

அந்த வாசற்படிச் சத்தம் இருவருக்கும் காதில் இருந்தது. அதைப் பற்றி அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

ஆகவே, 'நிறைவானது' என்ற கட்சிக்கு எதிராக ஒரு முக்கியமான சாட்சியத்தை இங்கே வைக்கிறோம். விழுவதை அந்த உலகம் மலிவாக்கிவிடுகிறது. இங்கே ஓரடி வைக்கத் தேவைப்படும் துணிச்சலில் கால்பங்குகூட அங்கே ஒரு சிகரத்துக்குத் தேவைப்படவில்லை. பெருவெளி நிறைந்திருந்ததாலேயே எங்கள் 22 அடி பாழாய்க் கிடந்தது. ஒடிந்தவரே தட்டச்சு செய்யும் வரிகள் இவை.

*

இதே நாட்களில்தான் எதிர்மனையில் வேலை தொடங்கியது. வெகுகாலமாகக் கருவேலம் மண்டிக் கிடந்த இடம். ஒரு காலையில் இயந்திரத்தின் உறுமல், ஆட்களின் கூச்சல், ஏதோ சரியும் ஓசை. கட்டிலிலிருந்து பார்த்தால் வராந்தாச் சுவரின் மூலை மறைக்கும். மேலே கொஞ்சம் ஆகாயம் மட்டும் தெரியும்.

"என்ன நடக்குது அங்க?"

"வந்து பாரு."

"சொல்லுங்களேன்."

"அத மட்டும் சொல்ல மாட்டேன்."

அன்று முழுவதும் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஒடிந்தவர் வாக்கரைப் பற்றி எழுந்தார். ஒடியாதவர் கைநீட்டாமல், கை எட்டும் தூரத்தில் பின்னாலேயே வந்தார். பத்தாவது அடியில் நின்று மூச்சு வாங்கல். பதினாறாவது அடியில் சுவர்மூலை விலகத் தொடங்கியது. 22ஆவது அடியில் கம்பித்தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம்.

குழி. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய சதுரக் குழி ஒன்று. அடியில் கலங்கிய ஊற்றுநீர். வேறொன்றும் இல்லை. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"இதுக்கா!" என்றார் ஒடிந்தவர். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஐந்து அம்பாவது இருக்கும்னு நெனச்சேன்." கம்பியைப் பிடித்தபடி இருவரும் வெகுநேரம் சிரித்தோம். கட்டிலுக்குத் திரும்பும் 22 அடியை எப்படிக் கடந்தோம் என்பது நினைவில் இல்லை.

கால் தேறியதற்குக் காரணம் அந்த விளையாட்டு என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். அறுவை மருத்துவரும் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணும்தான் காரணம். ஆனால் சுவர்மூலைக்குப் பின்னால் ஒன்றை மறைத்து வைக்கலாம் என்ற யுக்தி, சந்தேகமில்லாமல் அந்த முக்கோணங்களிலிருந்து வந்தது.

*

தொலைக்காட்சியை மறுபடி போட்டபோது ஒரு புது ஒழுங்கு வந்திருந்தது. வராந்தா நடை முடிந்த பின்பே ஹைரூல். அம்மாதம் நாங்கள் செய்தது பெரும்பாலும் ஒரே காரியம். ஹடேனோ கிராமத்தில் இடிக்கவிருந்த ஒரு வீட்டை 3,000 ருபீக்கு வாங்கினால் (அங்கேயும் நாணயத்தின் பெயர் ஏறக்குறைய நம்முடையதுதான்), அதன் கட்டுமானக் குழுவிலிருந்து ஹட்ஸன் என்றொரு ஆள் கிளம்பி, அக்காலா என்னும் வடகிழக்குப் பிரதேசத்தின் ஏரித் திட்டு ஒன்றுக்குப் போகிறான். வெட்டவெளியில் தனியாக நின்று, ஓர் ஊரை உண்டாக்கப் போவதாகச் சொல்கிறான். விறகுக்கட்டுகள் கேட்கிறான்: முதலில் 10, பிறகு 20, 30, 50. ஆட்களையும் கேட்கிறான். அவன் முதலாளியின் விதிப்படி எல்லார் பெயரும் 'ஸன்' என்று முடிய வேண்டும்!

எரிமலைப் பக்கத்துப் பாறைமனிதன், பாலைவனத்துத் தையற்காரி, பறவைமுக வியாபாரி, நீர்வாழ் இனத்துக் கிழவர் என்று நாடெங்கும் அலைந்து அனுப்பி வைக்கிறோம். ஒவ்வொருவர் வந்து சேரும்போதும் ஒரு வீடு எழுகிறது. ஊரின் பின்னணி இசையில் ஒரு வாத்தியம் கூடுகிறது. முடிவில் ஹட்ஸனுக்கும் தையற்காரிக்கும் கல்யாணம். கிழவரே நடத்தி வைக்கிறார். ஒடியாதவர் அன்று கண்களைத் துடைத்துக்கொண்டதை மறைத்துத் தட்டச்சு செய்யப் பார்க்கிறார், அனுமதிக்கவில்லை.

கதைக்கு இதுவும் தேவையில்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுக்கும் பொருளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. முன்பு வெறும் புல்லாக நாம் பார்த்த இடம் இது. வெறுமையாக இருந்ததைப் பார்த்தவருக்கே அந்த நான்கு வாத்தியங்களும் கேட்கும். வராந்தாவிலிருந்து அந்தக் குழியைப் பார்த்தவர்களுக்கே எதிர்வீட்டின் நிலைக்கதவு ஒரு செய்தியாக இருந்ததைப் போல.

பங்குனியில் கோட்டைக்குப் போய்க் கேனனை வீழ்த்தினோம். எதிர்பார்த்ததைவிட எளிதாகவே முடிந்தது. விளையாடிய நேரம் '140 மணி அல்லது அதற்கு மேல்' என்று இயந்திரம் காட்டியது. அந்நேரத்தில் எத்தனை நாவல்களை வாசித்திருக்கலாம் என்று ஒடியாதவர் கணக்குப் போட்டார். அந்தத் தொகையை இங்கே எழுத வேண்டாமென்று தீர்மானித்திருக்கிறோம். தலைமாட்டு நாவல்களை அதன்பின் வாசித்தோம். எழுநூறு பக்கத்தில் ஒரு நூறு பக்கம் ஒன்றுமே நடக்காத இடங்களில், முன்பானால் தாவியிருப்போம்; இப்போது மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களைப் போல நின்றோம்.

வழக்கு முடிந்துவிடவில்லை. 120 கோயில்கள் அதிகம், 900 விதைகள் அபத்தம் என்பதில் ஒடியாதவர் அசையவில்லை. ஒளிக்குதிரையின் இரவு ஒன்றே போதும் என்பதில் மற்றவரும். அதே ஹைரூலை வானிலும் பாதாளத்திலும் விரித்துக்கொண்டு அடுத்த பாகம் 2023 மே மாதத்தில் வந்தபோது, இன்னும் பெரிதா என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். ஹட்ஸனுக்குக் குழந்தை இருக்கிறதாமே என்று மற்றவர் கேட்டார். (இருக்கிறது. பெண்.)

எதிர்வீட்டுக்கு ஆவணியில் கிரகப்பிரவேசம். தெருவைக் கடந்து, கைத்தடியின்றிப் போனோம். சாப்பாடு முடிந்ததும் ஒடிந்தவர் மாடிப்படியைப் பார்த்தார். மேலே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, மொட்டை மாடிதான்" என்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக, இரண்டு இடங்களில் நின்று ஏறினோம். அவள் சொன்னது சரிதான். ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் இரண்டு ஈரத் துண்டுகள். கீழே எதிரே எங்கள் வராந்தா தெரிந்தது, மிகச் சிறியதாக. கீழேயிருந்து யாரோ கூப்பிடும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.